ஆற்றுக்கு அனுப்பிய தீர்மானம்

கரை தாண்டுவதற்கு முன் ஆறுகள் முறைப்படி அனுமதி பெற வேண்டும் என்ற பேருண்மையை உலகத்துக்கு முதன்முதலில் உணர்த்திய பெருமை, மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோர வட்டார நலச் சபையையே சேரும். லண்டன், கல்கத்தா முதலிய பட்டணங்களுக்கு இந்த யோசனை இன்னும் தோன்றியதாகத் தெரியவில்லை. அந்தச் சபையின் துபாஷி நான். துரை பேசுவதைத் தமிழிலும், தமிழர்கள் பேசுவதைத் துரை தாங்கக்கூடிய இங்கிலீஷிலும் சொல்லுவது என் உத்தியோகம்.

அக்கிராசனர் ஹாக்கின்ஸ் துரை. அங்கத்தினர்கள் இருவர். ரயில்வே ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த கிரிகரி எதையும் பிரேரிப்பார். வட்டிக்கடை பழனியப்பன் எதையும் ஆமோதிப்பார். ஒருமுறை கிரிகரி தும்மியதையும் அவர் ஆமோதித்திருக்கிறார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், ஆற்றோரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றும் கன்னையாவும் அவன் மனைவி இராஜம்மாவும் சபைக்கு வந்தார்கள். பேசியது இராஜம்மாதான்.

"ஐயா, போன மழைக்கு மாட்டுக் கொட்டாய்ல இடுப்பளவு தண்ணி. எங்க லோரோங் சந்து ஓரமா ஒரு மண்கரை போட்டுக் குடுங்க. கன்னுக்குட்டியக் கட்டில் மேல ஏத்தி வச்சிருந்தோம்."

"அப்படியானால் நீங்கள் எங்கே படுத்தீர்கள்?" என்று துரை கேட்டார்.

"எங்க படுக்கறது? விடியற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தோம்."

'இரவு முழுவதும் விழிப்புடன் இருந்தார்கள்' என்று மொழிபெயர்த்தேன். துரை மிகவும் மெச்சினார்.

பிறகு விவாதம் தொடங்கியது.

"ஆறு கரைக்குள்ள ஓடற வரைக்கும் அது யாரோ ஒரு இலாகாவுக்குச் சொந்தம்," என்றார் கிரிகரி. "கரையத் தாண்டிட்டா அது தெருவுல நடமாடுது. அப்ப நம்ம சபைக்குக் கட்டுப்பட்டது."

"தெருவுல நடமாடணும்னா லைசென்சு வேணுமே," என்றார் பழனியப்பன்.

"அதைத்தான் நான் சொல்றேன்."

"ஆமோதிக்கிறேன்."

'மேற்படி ஆறு மேற்படி கரைக்குள்ளேயே ஒழுக வேண்டியது' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'ஒழுக' என்ற சொல்லில் ஓட்டமும் அடங்கும், ஒழுக்கமும் அடங்கும் என்று துரைக்கு விளக்கினேன். தமிழ் இவ்வளவு சிக்கனமான பாஷையா என்று அவர் வியந்தார். தீர்மானத்தைப் பலகையில் எழுதி, ஆற்றின் கண்ணில் படும்படி கரையில் நட்டார்கள். ஆற்றுக்கே உத்தரவு போய்விட்டதால் மண்கரை 'அநாவசியம்' என்று தள்ளுபடியாயிற்று.

கன்னையா கடலோரக் கிள்ளானுக்குப் போய் ஒரு மலாய் மீன்காரரிடம் பழைய சம்பான் படகு ஒன்றை வாங்கிவந்து, கொட்டகைக்கு முன்னால் தெருவோரம் போட்டான். மறுநாளே கிரிகரி சைக்கிளில் வந்து அதன்மேல் மோதி, அதற்குள்ளேயே விழுந்தார். கன்னையா சபைக்கு அழைக்கப்பட்டான்.

"படகு இருக்கிறது. தண்ணீர் எங்கே?" என்று துரை கேட்டார்.

"வரும், துரை."

கிரிகரி எழுந்தார். "ஆறு வராதுன்னு நாம தீர்மானம் போட்டிருக்கோம். அதுக்கப்புறமும் ஒருத்தன் படகு வச்சிருந்தா, அது சபைமேல நம்பிக்கையில்லாத் தீர்மானம்."

சக்கரம் உள்ள பொருள்கள் மட்டுமே தெருவில் நிற்கலாம் என்று சபை முடிவு செய்தது. கன்னையா சட்டத்துக்குப் பணிந்த மனிதன். ஒரு பழைய மாட்டுவண்டியின் சக்கரங்களைக் கழற்றிச் சம்பானில் மாட்டினான். சட்டத்தின் முன் படகு வண்டியாயிற்று. சபை அதைத் தன் வெற்றி என்று குறித்துக்கொண்டது.

மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் சபை மறுபடி கூடியது. சபைக்குப் புதிய நாற்காலிகள் வாங்குவது பற்றிய ஆலோசனை. கதவின் அடியில் ஏதோ பளபளத்தது.

"தண்ணி," என்றார் பழனியப்பன்.

"அது நிகழ்ச்சி நிரலில் இல்லை," என்றார் துரை.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. கனம் அங்கத்தினர்கள் நாற்காலிகள்மேல் ஏறி அவற்றின் உறுதியை நேரிலேயே பரிசீலித்தார்கள். பழனியப்பனின் நாற்காலி பரிசீலனையில் தோற்றது. எல்லோரும் மேசைமேல் ஏறினோம். அப்போது தண்ணீர் தள்ளித் திறந்த கதவு வழியாக ஒரு பலகை மிதந்து உள்ளே வந்து மேசையில் இடித்து நின்றது. 'ஒழுக வேண்டியது' என்ற எழுத்துகள் இன்னும் அழியவில்லை. ஆறு தீர்மானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

"மாதாவே, எங்களைக் காப்பாத்தும்," என்றார் கிரிகரி.

"ஆமோதிக்கிறேன்," என்றார் பழனியப்பன். அவர் முருக பக்தர்.

தண்ணீர் மேசையைத் தொட்டபோது ஜன்னலுக்கு வெளியே சம்பான் வந்து நின்றது. பின்னால் கன்னையா மூங்கிலை ஊன்றிக்கொண்டிருந்தான். முன்னால் இராஜம்மா, மடியில் கன்றோடு. சக்கரங்கள் இரண்டும் தண்ணீரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன.

"லோரோங்கு ஆளுங்க எல்லாரையும் ரயில் மேட்டுல எறக்கிட்டோம். நீங்கதான் பாக்கி. ஏறுங்க லா," என்றாள் இராஜம்மா.

துரை கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அது அவருடைய தொப்பியை நக்கியது. அவர் ஆட்சேபிக்கவில்லை. வழியில் மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தைக் கடந்தோம். கொட்டகையைக் காணவில்லை. இராஜம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் கன்றின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். கன்னையா கொஞ்ச நேரம் மூங்கிலை ஊன்ற மறந்துபோனான். கிரிகரிகூட எதையும் பிரேரிக்கவில்லை.

வெள்ளம் வடிந்தது. சபை கூடியது. கன்னையாவும் இராஜம்மாவும் அழைக்கப்பட்டார்கள். இராஜம்மா துவைத்த சேலை கட்டி வந்திருந்தாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

துரை வாசிக்க வாசிக்க நான் மொழிபெயர்த்தேன். மண்கரை உடனே கட்டப்படும், சபை மண்டபத்தைச் சுற்றி. வண்டியைத் தண்ணீரில் ஓட்டிய குற்றத்துக்காகக் கன்னையா எச்சரிக்கப்படுகிறான். மேற்படி வண்டி பறிமுதல் செய்யப்பட்டு, 'பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு' மண்டபத்து வாசலில் கட்டிவைக்கப்படும்.

"அப்ப அடுத்த மழைக்கு நாங்க?" என்று கன்னையா மெல்லக் கேட்டான்.

"அடுத்த மழை அடுத்த கூட்டத்துல," என்றார் கிரிகரி.

இராஜம்மா எழுந்தாள். கன்னையா அவள் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டாள்.

"வெள்ளம்னா நாலு நாளுல வடிஞ்சிருது, துரை. இந்தச் சபை எப்ப வடியும்?"

என்ன சொல்லுகிறாள் என்று துரை கேட்டார். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னேன். துரை மீசையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்தக் கேள்வியை ஆராய உபகமிட்டி ஒன்று நியமிக்கப்பட்டது.

அதுவும் இன்னும் வடியவில்லை.