போஞ்சிக்கு விழுந்த தோப்புக்கரணம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பிள்ளையாருக்கு முன்னால் சொல்லத்தகாத ஒரு சொல் இதில் வருகிறது. ஆனால் அதைக் கேட்டு முதலில் சிரித்தவரே பிள்ளையார்தான் என்பதால் துணிந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆக்லாந்துத் தமிழர் எல்லாருடைய கோபத்தையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினாலும் ஒல்லாந்து அண்ணையின் கோபத்துக்குக் கிட்ட வராது. அவ்வளவும், எப்போதோ யாழ்ப்பாணத்தை ஆண்டுவிட்டுப் போன டச்சுக்காரரான ஒல்லாந்தர் மேல். வீட்டுக்குள் தேவாரம் பாடியதற்காக அவருடைய முன்னோர் ஒருவரைத் தூணில் கட்டிக் கசையால் அடித்தார்களாம். அந்த அடி அண்ணைக்கு இன்னும் வலித்தது.

பென்ரோஸில் ஒரு கிடங்கில் அவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஒல்லாந்துச் சீஸ் பெட்டிகளை மட்டும் உச்சக் குரலில் தேவாரம் பாடிக்கொண்டுதான் இறக்குவார். "அண்டைக்குப் பாட விடேல்லை. இண்டைக்கு இருந்து கேளுங்கோடா!" என்பார் சீஸிடம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நம் பேச்சிலும் ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள் கிடக்கின்றன என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தைச் சொல்லும் கந்தோர், மேசை இழுப்பறையான லாச்சி, வக்கீலான அப்புக்காத்து, கறிக்குப் போடும் போஞ்சி எல்லாம் அவர்களுடையதாம். ஒடாஹுஹுவில் வாடகை மண்டபத்தில் நாங்கள் நடத்தும் வெள்ளிக்கிழமைப் பூசையில் அண்ணை சட்டம் போட்டார்: ஒல்லாந்துச் சொல் வாயில் வந்தால் பிள்ளையாருக்கு முன்னால் தோப்புக்கரணம்.

சமையல் என் பொறுப்பு. போஞ்சிக் கறி "நீட்டுப் பச்சைக் கறி" ஆனது. கூடச் சமைக்கும் மலேசியக்கார அக்கா பயந்து பயந்து கேட்டார்: "அண்ணே, பீன்ஸ்னு சொல்லலாமா?"

"அது இங்கிலீசுக்காரன்ர. அவனை அடுத்த வருசம் பாப்பம்."

ஒரு வெள்ளி, அண்ணையின் மனைவி மணி அக்கா, "கற்பூரம் அந்த லாச்சிக்குள்ள கிடக்கு" என்றுவிட்டார். எல்லாருடைய கண்ணும் அண்ணை மேல் திரும்பியது. அக்காவுக்கு முழங்கால் வலி. அண்ணை கொஞ்சம் தடுமாறினார். பிறகு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார்.

அக்கா சுவரில் சாய்ந்து சாய்ந்து போட்டுமுடித்தார். அதற்குப் பிறகு பூசைக்கு வரவில்லை. வீட்டிலும் அண்ணையுடன் பேச்சில்லை. நான் போய் அக்காவிடம் கேட்டேன்.

"எது எவன்ர சொல்லெண்டு எனக்கென்னண்டு தெரியும், பிள்ளை? அதுதான் அவரோட கதைக்கிறதையே விட்டிட்டன்."

சில வாரம் கழித்து அண்ணை சமையல் பக்கம் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது. "வீடு கிடங்கு மாதிரிக் கிடக்கு, பிள்ளை. மனுசி ஒரு சொல்லுக் கதைக்கிறாளில்லை."

எனக்குப் பெரிய படிப்பில்லை. அறியத்தான் கேட்டேன்: "அண்ணை, உங்கட ஆளை ஒல்லாந்தர் என்னத்துக்கு அடிச்சவங்கள்?"

"வாயைத் திறந்ததுக்கு."

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது.

அடுத்த வெள்ளி எப்படியோ கெஞ்சி அக்காவைக் கூட்டிவந்து பின்னால் உட்கார்த்தினார். தான் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் காதைப் பிடித்தார். "போஞ்சி" என்று குந்தி எழும்பினார். "லாச்சி." எழும்பினார். "கந்தோர்." மூச்சு வாங்கியது. "அப்புக்காத்து" என்று குந்தியவர் எழும்பவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது.

பின்னாலிருந்து மணி அக்காவின் குரல் வந்தது.

"கக்கூசை விட்டிட்டியள்."

அதுவும் ஒல்லாந்துச் சொல்தானாம். சிரிப்பில் பிள்ளையாரின் தொப்பை வண்டி குலுங்கியதை என் கண்ணால் கண்டேன். நம்பாதவர்கள் நம்பவேண்டாம். குந்தியபடியே அண்ணை சிரித்தார், பிறகு அழுதார். அக்கா வந்து கைகொடுத்துத் தூக்கினார். "எழும்புங்கோ, போட்டது காணும்."

சீஸுக்குத் தேவாரம் இன்றும் நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போஞ்சிக் கறியின் முதல் கரண்டியை அண்ணைக்குத்தான் போடுவேன். அவர் அதை அப்படியே அக்காவின் தட்டுக்கு மாற்றிவிடுவார்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல். முக்கியமாக, போஞ்சியைப் பீன்ஸ் ஆக்கிவிடாதீர்கள். அந்த மனிதர் தன் முழங்காலைக் கொடுத்து மீட்ட சொல் அது.