டிராகன் முன்னால் தனியே நிற்கும் மச்சானுக்கு

டுலூத்,
டிசம்பர் 11, 1989

அன்பும் பொறுமையும் நிறைந்த மச்சான் டெல்மாருக்கு,

அத்தான் ஆர்விட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா ஆர்டிஸும் நலம். அங்கே நீயும் உன் டிரக்கும் நலமாக இருக்கவும், ஏரியில் பனி கெட்டியாக உறைந்து அதன்மேல் உன் மீன்பிடிக் கொட்டகை முழுகாமல் நிற்கவும் ஆண்டவரை வேண்டுகிறேன்.

நீ கோபமாக இருக்கிறாய் என்று உன் அக்கா சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. போன வாரம் என் கம்ப்யூட்டர் திரையில் உன் பெயரைப் பார்த்தாய். பக்கத்தில் "தொழில்: திருடன், அறிவு: ஆறு" என்று இருந்ததையும் பார்த்தாய். "பரவாயில்ல அத்தான், நல்லாத்தான் இருக்கு" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய ஹாட்டிஷ் சாப்பாட்டைத் தொடாமலே போய்விட்டாய். நம் ஊரில் இதைவிடப் பெரிய சண்டையை நான் கண்டதில்லை. உன் அக்கா கதவைச் சாத்திவிட்டு, "என் தம்பி கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வரலன்னா இந்த வீட்டுல லெஃப்சே அப்பமும் கிடையாது, மீனும் கிடையாது. நீங்க உங்க வீரர்களோட உக்காந்து ரொட்டி தின்னுக்கங்க" என்றாள். அன்றிலிருந்து ரொட்டிதான்.

நடந்ததைக் கேள். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் சும்மா உட்கார்ந்தால் கெட்டுப்போவான் என்று மகன் தன் பழைய கம்ப்யூட்டரை இங்கே போட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு ஆட்டம். நாலு பேரைச் சேர்த்துக் குகைக்குள் அனுப்பவேண்டும், பெயர் நாமே வைக்கவேண்டும். முன்பின் தெரியாதவன் செத்தால் எனக்கு வருத்தம் வராது, வருத்தம் வராவிட்டால் கவனமாக ஆடமாட்டேன். அதனால் நம் ஆட்களையே போட்டேன். நான் வாள் வீரன். உன் அக்கா காயத்தை ஆற்றும் பூசாரி. நம் பாஸ்டர் நீகார்ட் மந்திரவாதி. பூட்டுத் திறக்க ஒருவன் வேண்டுமே! என் வண்டிச் சாவி உள்ளே மாட்டிக்கொண்டபோதெல்லாம் கம்பியை விட்டுத் திறந்துகொடுத்தவன் யார்? அந்த நன்றிக்குத்தானப்பா உன்னைப் போட்டேன். அந்த வேலைக்குத் திருடன் என்று பெயர் வைத்தது நானில்லை. அறிவு ஆறு விழுந்ததும் கம்ப்யூட்டரின் பகடையால். மறுபடி உருட்டியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்குக் கைவேகம் பதினெட்டு விழுந்திருந்தது, அதை விட மனசு வரவில்லை.

உன்னை முன்வரிசையில் நிறுத்தினது தப்புதான். வேறு யாரை நிறுத்துவது, பாஸ்டரையா? அவரை ஒரு எலி கடித்தாலே ஆள் காலி. குகையிலுள்ள புதையல் பெட்டிகளில் விஷ ஊசி, வெடி எல்லாம் வைத்திருந்தார்கள், நீ திறக்கத் திறக்கச் செத்தாய், நான் ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தில் வரும் கோயிலுக்குத் தூக்கிப்போய் உயிர் கொடுத்தேன், அதை மட்டும் யாரும் பேசுவதில்லை. உன் அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "அவன் திறக்கற பெட்டியில வர்ற கவசத்தை நீங்க மாட்டிக்கறீங்க. அவன் வெறும் சட்டையோட நிக்கறான்" என்றாள். "திருடன் இரும்புக் கவசம் போடக்கூடாது, அது சட்டம்" என்றேன். "நல்ல சட்டையா ஒண்ணு வாங்கிக் குடுக்கக்கூடாதுன்னு சட்டமா?" என்றாள். உடனே உன்னைப் பின்வரிசைக்கு மாற்றி வில்லும் நல்ல தோல் சட்டையும் கொடுத்தேன். உன் இடத்துக்குக் கதாயுதத்தோடு அவளே வந்து நின்றாள்.

நேற்று டிராகன் குகைக்குப் போனோம். பாஸ்டர் தூக்க மந்திரம் போட்டார். ஞாயிறுதோறும் நம் எல்லோர் மேலும் பலிக்கிற வித்தை டிராகனிடம் பலிக்கவில்லை. அது நெருப்பை ஊதியது, பாஸ்டர் போனார். எனக்கும் அக்காவுக்கும் உனக்கும் உயிர் ஊசலாடுகிறது. பையில் மருந்து ஒரே ஒரு குப்பி. தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை நம் வீட்டில் யார் எடுத்திருக்கிறார்கள்? நாம் பட்டனை அமுக்கும்வரை டிராகன் பேசாமல் காத்திருக்கும். நாங்கள் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம்.

"நீ குடி, ஆர்டிஸ்."

"எனக்கெதுக்கு? நீங்க குடிங்க."

"வேண்டாம் வேண்டாம், நீயே குடி."

"நான் நல்லாத்தான் இருக்கேன்."

"ரத்தம் ஊத்துது, நல்லா இருக்கியா?"

"அப்ப பாதிப் பாதி."

பாதியாக்க ஆட்டத்தில் வழியில்லை. காபி ஆறிப்போனது. கடைசியில், "டெல்மார் அன்னைக்குச் சாப்பிடாமப் போனான்" என்றாள். குப்பியை உனக்குக் கொடுத்தேன். டிராகன் ஊதியது. நாங்கள் இரண்டு பேரும் செத்துப்போனோம், நீ ஒருத்தன் மட்டும் நிற்கிறாய்.

கம்ப்யூட்டரை அணைக்கவே இல்லை. மேலே துண்டு போட்டு மூடியிருக்கிறோம். அடுத்த பட்டனை நான் அமுக்கக்கூடாதாம், "அவன் உசிரு, அவனே வந்து அமுக்கட்டும்" என்கிறாள். வாடா மச்சான். ஏரிக்குத் தனியாகப் போய் பனியில் போட்ட ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்தேன், ஒரு பெரிய மீன் மாட்டியது, காட்ட ஆளில்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. வந்து எங்களைக் காப்பாற்று. இனி ஜென்மத்துக்கும் உன்னை ஒரு பெட்டி திறக்கச் சொல்லமாட்டேன், இது சத்தியம்.

ஆண்டவர் உன் கொட்டகையையும் உன் கைவேகத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
செத்துக் கிடக்கும் அத்தான்,
ஆர்விட்

பி.கு.: நான் தபால்தலை தேடப் போனபோது உன் அக்கா தூசி தட்ட வந்து, ஆட்டத்தோடு வந்த புத்தகத்தைப் புரட்டியிருக்கிறாள். "திருடன் இருட்டுல ஒளிஞ்சு பின்னாலேருந்து குத்தலாம்னு போட்டிருக்கே, இதைப் படிக்கவே இல்லையா நீங்க?" என்று அவளே இரண்டு பட்டனை அமுக்கினாள். டிராகன் செத்தது. நீ எங்களைக் கோயிலுக்கு இழுத்துவந்து உயிர் கொடுத்துவிட்டாய், பாஸ்டர் உட்பட. ஆகவே மேலே அழுததை மறந்துவிடு. ஆனால் டிராகனுக்குப் பின்னால் ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. லேசாகப் புகைகிறது. முதலில் நீ வயிறாரச் சாப்பிடவேண்டும், அப்புறம்தான் பெட்டி என்று அக்கா சொல்லிவிட்டாள், லெஃப்சேவுக்கு மாவும் பிசைகிறாள். கொஞ்சம் தடித்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.