கார் அக்காவுக்கு, கொட்டில் தங்கச்சிக்கு

குருமண்வெளி,
வைகாசி மாதம், தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிற ஒரு வெள்ளிக்கிழமை.

மெல்பேர்ண் மாநகரின் குளிரையும் வேலையையும் ஒருசேர அடக்கி ஆளும் அன்பு மகள் நிருஷாவுக்கு, வாவியின் இந்தக் கரையைத் தன் மனைவியின் அனுமதியுடன் ஆண்டுவரும் சித்தப்பன் சாமித்தம்பி வரையும் திருமுகம்.

இங்கு நான் நலம். சித்தி நலம். முழங்காலைத் தவிர்த்துப் பார்த்தால் உன் அம்மாவும் நலம். உன் அப்பாவின் நலத்தை நான் நேரில் விசாரிக்க முடியாத நிலைமை உனக்குத் தெரியும்; ஆனாலும் வேலிக்கு அங்கால் அவர் தும்மும்போது எங்கள் வீட்டுக் கோழி முட்டையை விட்டு எழும்பி ஓடுகிறபடியால் அவரும் நலமென்றே கொள்ளவும்.

இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் மாப்பிள்ளை ரதீஸ் நம்பமாட்டார். எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே இடையிடையே சந்தேகம் வருகிறது. ஒருவரும் நம்பாத கதை இது என்று மண்டூர் முருகன் சாட்சியாக முதலிலேயே உறுதி தந்துவிடுகிறேன். பிறகு என்னில் குறை சொல்லக் கூடாது.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. உள்ளே கிளச்சுக்கு வேண்டிய கம்பிகள், குறுக்குத்தண்டு, புஷ், ஸ்பிரிங், நட்டு எல்லாம் இருந்தன. கூடவே உன் கட்டளையும் இருந்தது. அம்மப்பாவின் காரில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து இவற்றைப் பூட்ட வேண்டும், கலியாணத்தன்று காலையில் அந்தக் காரிலேயே என்னை வாவிக்கு அக்கரை மண்டூர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் மெல்பேர்ணிலேயே கையெழுத்து வைத்துவிட்டுப் படம் அனுப்புவேன் என்று எழுதியிருந்தாய். "படம் அனுப்புவேன்" என்ற இடத்தில் உன் அம்மா அழத் தொடங்கினா. சத்தம் கேட்டுச் செத்தவீடென்று நினைத்துத் தெருமுனையில் கதிரை வாடகைக்குக் கொடுக்கிறவன் வந்துவிட்டான்.

ரதீசுக்குக் காரின் வரலாற்றை நீ சொல்லிவைக்க வேணும். அது அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர், முன்னால் நின்று பார்த்தால் பல்வலி வந்த முதலை மாதிரி இருக்கும். அணை கட்ட வந்த வெள்ளைக்காரன் ஒருவன் விட்டுப்போனதை உன் அம்மப்பா ஒரு வட்டை வயல் முழுக்க விளைந்த நெல்லைக் கொடுத்து வாங்கினார். அதை ஸ்டார்ட் பண்ணினால் பக்கத்து ஊர்ப் பெற்றோல் செட்டில் அளவுமுள் தானாக இறங்கும். சீதனம் எழுதும்போது மனுசன் நீதி தவறாமல் காரை மூத்த மகளுக்கும், கார் நிற்கிற கொட்டிலை இளைய மகளுக்கும் எழுதினார். ஆக, கார் உன் அப்பா பக்கத்தது, அதன் நாலு சில்லுக்கும் கீழே இருக்கிற மண் என் பக்கத்தது. நம்ம ஊர் வழக்கப்படி வீடும் வளவும் பெண்சாதிமாருடையது என்கிறபடியால், கோபித்துக்கொண்டு எங்கேயாவது போய் இருப்போம் என்றால் சகலன்மார் இரண்டு பேருக்கும் போக ஒரு இடம் இல்லை. வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றுதான் கோபப்பட வேணும்.

கோபம் ஏன் என்று ரதீஸ் கேட்பார். நான் வாவியில் பிடித்த கொடுவா மீன் ஆளுயரம். அதைச் சந்தியில் நின்று அடக்கமாக நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நில அளவைக் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற உன் அப்பா ஸ்ரீமான் வினாயகமூர்த்தி அவர்கள், வீட்டுக்குப் போய் டேப்பை எடுத்துவந்து, வாயிலிருந்து வால்வரை அளந்து, சபை நடுவில் "ரெண்டே கால் அடி" என்று தீர்ப்பளித்தார். அன்றே அவரோடு பேச்சை நிறுத்தினேன். நான் நிறுத்தியது அவருக்குத் தெரியவர மூன்று மாதம் எடுத்தது. தெரிந்ததும் அவரும் நிறுத்தினார். வருஷம் ஏழு ஓடிவிட்டது.

இந்த நிலையில் காத்தான்குடி மெக்கானிக் றிஸ்வி வந்து, நித்திரையில் கிடந்த இன்ஜினை எழுப்பிவிட்டுச் சொன்னான்:

"கிளச்சு லேசான வேல அண்ணன். ஒராள் கீழ படுக்கணும், ஒராள் மேல இருந்து மிதிக்கணும். கதைச்சுக் கதைச்சுச் செஞ்சா ஒரு மணித்தியாலம்."

"நாங்க கதைக்கிறல்ல தம்பி."

"அப்ப ஒரு வருசம் எடுக்கும்."

"நீ நடுவில நிண்டு சொல்லிக் குடுவன்."

அவன் கையைத் துடைத்தான். "நான் கியர்பொக்சுக்குள்ள கை வைப்பன் அண்ணன், குடும்பத்துக்குள்ள வைக்கமாட்டன்." போய்விட்டான்.

மகள், இந்தக் கிளச்சுக் கம்பி வேலை செய்கிற விதத்தை நீ அறிய வேணும். காலால் பெடலை மிதித்தால் அது நேரே கிளச்சைத் தொடாது. பெடல் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி குறுக்குத்தண்டைத் திருப்பும், தண்டு இன்னொரு கம்பியைத் தள்ளும், அந்தக் கம்பி போய்க் கவையைத் தள்ளும், கவைதான் கடைசியில் கிளச்சைப் பிரிக்கும். ஏழு வருஷமாக எங்கள் குடும்பத்தில் கதை போய்வருகிற வழியும் அச்சொட்டாக இதுதான். அதில் குறுக்குத்தண்டு உன் சித்தி சின்னத்தங்கம். ஆகவே நான் காருக்குக் கீழே படுத்தேன், உன் அப்பா மேலே ஏறி உட்கார்ந்தார், சித்தி கொட்டில் வாசலில் அகப்பையோடு நின்றாள்.

"அமத்தச் சொல்லுகா" என்றேன், பெடலை மிதிக்கத்தான்.

"அத்தான், அமத்தட்டாம்."

"அமத்திட்டுத்தான் இரிக்கன் எண்டு சொல்லு" என்றார் மேலே இருந்தவர்.

"அமத்திட்டுத்தான் இரிக்காராம்."

"அப்ப உடச் சொல்லு."

"எவ்வளவு உடுற எண்டு கேளு புள்ள. பெடல் ஒரு அங்குலம் சும்மா ஆடணும் எண்டு பார்சலோட வந்த தாளில கிடக்கு."

"ரெண்டு விரல் அகலத்துக்கு ஆடினாக் காணும் எண்டு சொல்லு."

"அங்குலம் எண்டா அங்குலம். இது கொடுவா இல்ல எண்டு சொல்லு."

சித்தி அதை எனக்குச் சொல்லவில்லை. "அத்தான் சரியாம்" என்றாள். எனக்குத்தான் காது இருக்கிறதே.

இதற்கிடையில் அடுப்பில் கறி. சித்தி உள்ளே ஓடிக் கிண்டுவாள், வந்து சேதி சொல்வாள், மறுகா ஓடுவாள். அதனால் ஒவ்வொரு சேதியும் ஒரு சேதி பிந்தியே போய்ச் சேர்ந்தது. நான் உடச் சொன்னால் அவர் அமத்தினார், அமத்தச் சொன்னால் உட்டார், அதற்கேற்ப நான் நட்டை மற்றப் பக்கம் முறுக்கினேன். முறுக்கிய முறுக்கில் ஸ்பிரிங் கழன்று பாய்ந்து, கூரையைத் துளைத்து, வாவிக்கு மேலால் வடக்கே பறந்து, பாசிக்குடாக் கடற்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரனின் பியர்க் கிளாசில் விழுந்தது. நல்ல மனுசன், துடைத்து அடுத்த பஸ்ஸில் கொடுத்தனுப்பினான்.

அதைப் பூட்டி முடிந்ததும் "ஸ்டார்ட் பண்ணிப் பாக்கச் சொல்லு" என்றேன். எனக்குக் கம்பி சரியோ என்று பார்க்க ஆசை, அதனால் கீழேயே கிடந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். கார் முதலாம் கியரில் நின்றது. கிளச்சு பிரியவில்லை. கார் கொட்டில் கதவை மாலையாகப் போட்டுக்கொண்டு பாய்ந்தது; நான் குறுக்குத்தண்டை இரண்டு கையாலும் பிடித்தபடி வௌவால் மாதிரிக் கீழே தொங்கினேன். அது எழுப்பிய கீச்சுச் சத்தம் கல்லடிப் பாலம்வரை போக, அங்கே வாவி மீன் பாடும் என்று கேட்க வந்தவர்களெல்லாம் இன்றைக்குத்தான் சுருதி சேர்ந்தது என்று கைதட்டினார்களாம். சந்தியில் நின்ற பொலிஸ்காரர் மந்திரி வருகிறார் என்று சலூட் அடித்தார். நான் கீழே தொங்கியபடி தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன்.

துறையில் மண்டூருக்குப் போகிற பாதை, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றுகிற நம்ம மிதவை, புறப்படத் தயாராக நின்றது. கார் ஒரே தாவலில் அதற்குள் ஏறி, முன்பக்கம் மிதவையிலும் பின்சில்லு இரண்டும் தண்ணீரிலுமாக நின்று சுழன்றது. அவ்வளவுதான், பாதை கப்பலாகிவிட்டது. சில்லு அள்ளி எறிந்த இறால் எல்லாம் மழையாகப் பெய்தது. ஒரு மனுசி குடையைத் திருப்பிப் பிடித்து ஒரு நேரக் கறிக்குச் சேர்த்துக்கொண்டா. மண்டூர்க் கரையில் நின்ற சனம், முருகன் மயிலை விற்றுவிட்டு வேறு வாகனம் எடுத்துவிட்டாரோ என்று பயந்து கும்பிட்டது.

கரை நெருங்குகிறது. மிதிக்க வேண்டும். சித்தியோ அக்கரையில் நின்று அகப்பையை ஆட்டுகிறாள், சேதி வந்து சேர வழியில்லை. என் கையோ கவைக்கும் கம்பிக்கும் நடுவில். அவர் மிதித்தால் விரல் போகும், மிதிக்காவிட்டால் மண்டூர் போகும். அப்போதுதான், மகள், உன் அப்பா கதவைத் திறந்து தலைகீழாகக் குனிந்து என் முகத்தைப் பார்த்து வாய் திறந்தார்.

"சாமித்தம்பி, கைய எடு."

எடுத்தேன். மிதித்தார். கம்பி தண்டைத் திருப்ப, தண்டு கம்பியைத் தள்ள, கவை அசைந்து கிளச்சு பிரிந்தது. பாதை ஒரு வாழையிலை மாதிரி மெல்லக் கரையில் ஒதுங்கியது.

"பெடல் ஆட்டம் அரை அங்குலம் கூடிப்போச்சு அண்ணன்" என்றேன்.

"ஓம்" என்றார்.

ஆகவே வாவியில் தண்ணீர் இருக்குமட்டும் உன் சட்டியில் குழம்பு இருக்கவும், ரதீஸ் உன் சொல்லைக் குறுக்குத்தண்டு இல்லாமல் நேரே கேட்டு நடக்கவும், உங்கள் வீட்டு வாசலில் எந்தக் காலமும் டேப் கொண்டு ஒருவரும் வராதிருக்கவும் வாழ்த்தி, இரண்டு கையையும் உன் தலையில் வைத்ததாக நினைத்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
உன் சித்தப்பன்,
க. சாமித்தம்பி.

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் பொய். பாதை, பொலிஸ், ஜெர்மன்காரன், இறால் எல்லாம் பொய். கார் கொட்டிலை விட்டு ஒரு சாண் நகரவில்லை. பற்றரியைச் சார்ஜ் போட என்று றிஸ்வி கழற்றிக்கொண்டு போனவன், இன்னும் வரவில்லை. சித்தி நடுவில் நின்று கதை சொன்னதும் பொய். அன்று அவளும் உன் அம்மாவும் காலையிலேயே களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் போய்விட்டார்கள். நானும் உன் அப்பாவும் கொட்டிலில் வாயே திறக்காமல்தான் கம்பி பூட்டினோம். இருந்தாலும் நீ கலியாணத்துக்கு இங்கேயே நாள் வைக்கச் சொல்லு, கார் ஓடாவிட்டால் துறைவரைக்கும் தள்ள இரண்டு பேர் இருக்கிறோம். ஒரு சின்னத் துண்டு மட்டும் உண்மை. நான் கீழே கிடக்கும்போது உன் அப்பா குனிந்து, "சாமித்தம்பி, கைய எடு" என்றார். அந்த நேரம் வளவில் எங்கள் இருவரையும் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.