தடைக்காலத்தில் எஸ்எஸ்டி பராமரிப்பு

நெட்டுக்குப்பம், எண்ணூர்.

அன்பு மாப்பிள்ளை விமல் அவர்களுக்கு மாமனார் பொன்னுரங்கம் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் மங்கையும் சின்னவள் வினிதாவும் நலம். தூத்துக்குடியில் நீங்களும் மலரும் நலம்தானே? கடிதம் ஏன் ஆபீஸ் விலாசத்துக்கு வந்திருக்கிறது என்று யோசிப்பீர்கள். வீட்டுக்கு அனுப்பினால் மலர் பிரித்துவிடுவாள். போனையும் அவள்தான் முதலில் எடுக்கிறாள். காரணம் பின்னால் வரும்.

பொங்கலுக்கு வந்தபோது எங்கள் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்று புதுவகை டிஸ்க் ஒன்றை மாட்டிக் கொடுத்தீர்களே, விஷயம் அதைப் பற்றித்தான். மாட்டிவிட்டு என்ன சொன்னீர்கள்? "நல்லா பாத்துகினா பத்து வருசம் ஓடும் மாமா" என்றீர்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, ஞாபகப்படுத்துகிறேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் கிடக்கிறது. வலை தைத்தாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று, இன்ஜினைப் பிரித்துப் பூட்டியாயிற்று. நான் மறுபடியும் பிரிக்கப் போனதும் முதலாளி, "டிரைவரே, உனக்குப் புண்ணியமா போவும், வூட்டுக்குப் போ" என்று துரத்திவிட்டார். வீட்டிலோ மங்கை மிக்ஸியைத் தொட விடுவதில்லை. கடைசியில் கம்ப்யூட்டர்தான் கையில் சிக்கியது. பழைய டிஸ்க் காலத்தில், சிதறிக் கிடப்பதை எல்லாம் ஒழுங்காக அடுக்கிவைக்கும் ஒரு புரோகிராம் உண்டே, கலர் கலராகக் கட்டம் நகரும், டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம், அதைத் தேடிப் பிடித்துக் காலையும் மாலையும் ஓட்டினேன். அப்புறம் பார்த்தால் டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி. காலிக் கிடங்கோடு கடலுக்குப் போனால் படகு தள்ளாடும் என்று எனக்கா தெரியாது? பாரம் ஏற்றினேன். இருப்பதிலேயே பெரிய சரக்கு உங்கள் கல்யாண வீடியோதான். அதைப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியையும் பிரதி எடுத்து, விளிம்பு வரை நிரப்பிவிட்டேன்.

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஒரு ஃபோல்டரைத் தட்டினால், நான் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும்வரை யோசித்தது. அந்த நேரம் பார்த்து வினிதாவுக்கு ஒரு கப்பல் வரைபடக் கம்பெனியில் வேலைக்கான பரீட்சை. கொடுத்த அளவில் ஒரு கப்பலை வரைந்து மறுநாள் மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். பாதிக் கப்பல் வரைந்து முடித்தபோது, சேமிக்க இடமில்லை என்று கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

"யப்பா, இன்னா பண்ணி வெச்சிகீற? மருந்துக்குக்கூட எடமில்ல!"

"காலியா வுட்டா ஆடும்மா."

"இன்னாது ஆடும்? மேசையா?"

அழுதுவிட்டாள், மாப்பிள்ளை. இந்தப் பெண்ணாவது கரையில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்றுதானே இத்தனை வருஷம் கடலில் கிடக்கிறேன்.

கொருக்குப்பேட்டையிலிருந்து அவள் தோழி பெனிஷா ஓடி வந்தாள். அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அங்கிள், பழைய டிஸ்க் மாரி இதுல சுத்துறதுக்குத் தட்டே கெடையாது. எங்க கெடந்தாலும் ஒரே வேகத்துல எடுத்துக் குட்த்துடும். நீங்க அடுக்க அடுக்க எழுதி எழுதித் தேஞ்சிகினுதான் போவும். கால்வாசி எடம் காலியா வுடுங்க. டெக்கு முழுக்க மீனைக் கொட்டிட்டா எங்க நின்னு பிரிப்பீங்க?" என்றாள். அப்போதுதான் புரிந்தது. இந்த டெக் விஷயத்தை நீங்கள் பொங்கலுக்கே சொல்லியிருக்கலாம்.

அடுக்கும் புரோகிராமை அவள் தூக்கிவிட்டாள். "ஒரு வீடியோவை வெச்சிகினு மத்ததை அழிச்சுடணும். டிரிம்னு ஒண்ணு கீது, அழிச்ச எடத்தை அதுவே சுத்தம் பண்ணிக்கும். அதை ஓட்டினா அழிச்சது திரும்ப வராது, பாத்து அங்கிள்" என்றாள். அழிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சரக்கு இறக்குவது எனக்குப் புதிதா? மளமளவென்று முடித்தேன். டிரிம்மும் ஓடியது. கம்ப்யூட்டர் ஜம்மென்று எழுந்துவிட்டது. வினிதா கப்பலை முடித்து நேரத்துக்குள் அனுப்பினாள். நேற்று வேலையும் கிடைத்துவிட்டது. மங்கை கேசரி கிண்டினாள். எல்லாம் சுபம். இனி அந்த டிஸ்க் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

அடுத்த வாரம் உங்கள் கல்யாண நாளுக்கு இருவரும் அவசியம் வந்துவிடுங்கள். கடலம்மா புண்ணியத்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்க என் ஆசிகள். மலருக்கு என் அன்பைச் சொல்லுங்கள், கடிதத்தை மட்டும் காட்டாதீர்கள்.

இப்படிக்கு,
மாமனார் பொன்னுரங்கம்

பின்குறிப்பு: மீன் இறக்கினால் ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் கிடங்கைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். ஒன்று தங்கினாலும் நாறிவிடும். கை அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் கழுவிவிட்டது. உங்கள் கல்யாண வீடியோ ஒன்றுகூட இல்லை. பெனிஷாவாலும் மீட்க முடியவில்லை. மலர் காரில் ஏறியதும் கண்ணாடி வழியாக என்னைத் தேடுவாளே, அந்த இடத்தை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். இப்போது அது இல்லாமல் மனசே சரியில்லை. கல்யாண நாளன்று எல்லோரும் சேர்ந்து அதைப் பார்க்கலாம் என்று மங்கை தெருவையே அழைத்து வைத்திருக்கிறாள். உங்களிடம் ஒரு பிரதி இருந்தால் மலருக்குத் தெரியாமல் எடுத்து வாருங்கள். இல்லையென்றால் அந்தக் கல்யாணப் பட்டு வேட்டியை எடுத்து வாருங்கள், மாப்பிள்ளை, இன்னொரு முறை தாலி கட்டிவிடலாம்.