ஊசலார் கண்ட கர்ப்பம்

ஊரே ஊசலார் வாசலில்தான் நின்றது. கருத்தரிப்பு மருத்துவமனைக்கு எதிர்மாடியில் கடை விரித்திருந்தார் அவர். வியாபாரம் தெரிந்த மகான்! நூலில் கட்டிய பித்தளைக் குண்டை வயிற்றுக்கு மேலே பிடிப்பார். சுற்றினால் கரு ஒட்டிவிட்டது. நின்றால் ஒட்டவில்லை. ஸ்கேன் மெஷின் வெட்கப்பட்டு மூலையில் உட்கார வேண்டியதுதான்.

எப்படி ஆனாலும் வைத்தியம் ஒன்றே: "மருந்துச் சூட்டை நிறுத்து. என் குளிர்ச்சி நீரை வாங்கிக் குடி."

இந்த வைத்தியம் அந்த ஊர்த் தையல்காரி ஒருத்தியின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அந்த மருத்துவமனையில் உறைய வைத்திருந்த கருக்களில் கடைசிக் கருவைப் போன வாரம்தான் அவள் கருப்பையில் வைத்திருந்தார்கள். அது ஒட்டி நிற்க, உள்ளே வைக்கிற ஹார்மோன் மருந்து. "இந்த முறையில உங்க உடம்பு இதைத் தானாச் சுரக்காது. நாங்க சொல்லாம நிறுத்தாதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மாமியாரோ அந்த மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்!

"அத்தை, சாவியைக் கொடுங்க. மருந்து வைக்கிற நேரம் வருது."

"சூடு ஆகாதும்மா. ஊசலார் சொன்னா சொன்னதுதான்."

"அப்போ அவர்கிட்டயே போவோம். தப்பாச் சொன்னா சாவி என் கையில. சரியா?"

"வா, வா! உனக்கும் புத்தி வரட்டும்."

ஊசலாரிடம் ஒரு நியமம் உண்டு. தலை முதல் கால் வரை போர்த்திப் படுக்க வேண்டும். மூச்சு விடலாம், பேசக் கூடாது. முகத்தைப் பார்த்தால் சக்தி சிதறுமாம். கேள்வி கேட்கிற முகத்தைப் பார்த்தால் எவருக்குத்தான் சிதறாது?

முறை வந்தது. திரைக்குப் பின்னால் தையல்காரி, கூட வந்திருந்த, பஸ் டிரைவரான தன் கணவனைக் கட்டிலில் தள்ளிப் போர்வையை இழுத்து மூடினாள்.

"அடியே, என்ன பண்றே?" மாமியார் பதறினார்.

"ஞானக்கண்ணுக்கு மகன் யாரு, மருமகள் யாருன்னு தெரியாதா அத்தை? பேசாமப் பாருங்க" என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள்.

ஊசலார் வந்தார். திரையை விலக்கினார். கூட்டம் எட்டிப் பார்த்தது. டிரைவரின் தொப்பை மேட்டைக் கண்டதும் குண்டு பம்பரமாய்ச் சுற்றியது.

"ஆகா! ஒட்டிவிட்டது! பெண் குழந்தை! தாய்க்கு மருந்துச் சூடுதான் அதிகம். இன்றே நிறுத்து மகளே!"

போர்வை விலகியது. முதலில் மீசை வந்தது. பிறகு தொப்பை.

"சாமி, எந்த மாசத்துல இருந்து லீவு போடணும்? டெப்போல சொல்லணும்."

சிரிப்பில் மாடியே அதிர்ந்தது. ஊசலார் சமாளித்தார்: "அது... மனைவியின் கர்ப்பம் கணவன் மேல் நிழலாடுது!"

"பிரசவ வலியும் நிழலாடுமா சாமி?" வரிசையில் நின்ற ஒருத்தி கேட்டாள்.

மாமியார் விறுவிறுவென்று வந்தார். குண்டைப் பிடுங்கி ஊசலாரின் வயிற்றுக்கு நேரே பிடித்தார். பிடுங்கிய வேகத்தில் அது இன்னும் ஜோராகச் சுற்றியது.

"உங்களுக்கும் நல்ல சேதிதான்! குளிர்ச்சி நீரை நீங்களே குடிங்க!"

படி இறங்கும்போதே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "நட, நட. நேரத்துக்கு மருந்து வைக்கணும்."

கரு தங்குமா? ரத்தப் பரிசோதனை சொல்லும். "மருந்து வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது" என்றுதான் டாக்டரும் சொன்னார். உத்தரவாதம் தந்தவர் ஊசலார் ஒருவரே. அதுவும் பஸ் டிரைவருக்கு!

கருவை உறைய வையுங்கள், மக்களே, அது விஞ்ஞானம். மூளையை எதற்கு உறைய வைக்கிறீர்கள்?