மூடப்பட்ட முறைப்பாடு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னை யாராவது குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட ஒருவனைக் கொண்டுபோய், உலகத்தில் உள்ள குறைகளையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி சொல்ல ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இன்றைக்கும் இருபது குடும்பம் இருக்கிறது.

வேலை என்றால் சம்பளம் கிடைக்கிற வேலை இல்லை. மழைமணி என்று ஒரு மென்பொருள். மலைச்சரிவில் குடியிருக்கிற சனங்களுக்காக யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தது. வெளியே ஒரு மழைமானியை நட்டுவிட்டால், அதன் புனலில் விழுகிற தண்ணீரை இது அளந்துகொண்டே இருக்கும். அளவு மீறினால் ஊரில் எல்லாப் போனுக்கும் எச்சரிக்கை போகும். கோயில் ஒலிபெருக்கியில் சங்கு ஊதும். இந்த மென்பொருளுக்கு நான் அனுப்பிய முதல் திருத்தம் ஒரு கமா. இரண்டாவது திருத்தம் அதே கமாவை எடுத்தது. அதற்குள் புண்ணியவானுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, தூக்கம் போய், "தம்பி, இனி நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மொத்தப் பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்.

அன்றோடு நான் பெரிய ஆளாகிவிட்டேன். பயன்படுத்துகிறவர்கள் பிழை கண்டால் முறைப்பாடு எழுதுவார்கள். சிலர் தாங்களே சரிசெய்து 'பேட்ச்' அனுப்புவார்கள், அதாவது கிழிசலுக்குப் போடுகிற ஒட்டுத்துணி. எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்பதெல்லாம் ஐயாவின் தீர்ப்பு. பதுளை டவுனில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில், மற்றவர்கள் கீபோர்டில் ஊற்றிய பிளேன்டீயைத் துடைத்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த அதிகாரம் தலைக்கு ஏறாமல் வேறு எங்கே ஏறும்?

முறைப்பாடுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. திருத்துவதைவிட மூடுவது சுலபம் என்று சீக்கிரமே கண்டுபிடித்தேன். பத்துச் சொல்லுக்குக் குறைந்த முறைப்பாடு எது வந்தாலும், "விவரம் போதாது. முறைப்பாடு மூடப்பட்டது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று தானாகப் பதில் போகும்படி ஒரு ஏற்பாடும் செய்தேன். (அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது.)

நேபாளத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாத்தியார் மட்டும் நீளமாக எழுதியிருந்தார். மரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் புனலில் விழுந்து, நல்ல வெயிலில் சங்கு ஊதிவிட்டதாம். சங்கு ஊதுமுன் அந்த இடத்திலேயே இருக்கிற ஒரு மனுசரிடம் 'உண்மைதானா?' என்று கேட்கட்டும் என்று பேட்சும் எழுதி அனுப்பியிருந்தார். நான் பதில் போட்டேன்: "மழைமானியை மரத்தடியில் வைத்தது உங்கள் பிழை. மென்பொருளில் பிழை இல்லை." மூடினேன். அன்றைக்கு மத்தியானம் சோறு ரொம்ப ருசியாக இருந்தது.

எங்கள் லயத்து மழைமானியை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் நட்டிருந்தேன். எங்களுடையது தொங்கல் காம்பரா, லயத்தின் கடைசி வீடு. அதற்குப் பின்னால் மலை. அப்போது அப்புத்தளையில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். வீட்டில் அவளுக்கும் அம்மாவுக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: மெஷினில் ஏதும் குறை என்றால் சாப்பிடுகிற நேரத்தில் என்னிடம் சொல்லக்கூடாது, எல்லாரையும் போல இணையத்தில் முறைப்பாடு எழுதவேண்டும்.

"பெரிய தொரை" என்றார் அம்மா.

அந்த வாரம் முழுக்க மழை. மண் ஊறிப்போய், லயத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. மண்சரிவு என்ற சொல்லை எங்கள் பக்கம் யாரும் சும்மா சொல்வதில்லை. கொஸ்லந்த மண்சரிவில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த வீடுகளில் அதைச் சொன்னால் பேச்சே நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் வந்தது. நான் டவுனில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். பதினொரு மணிக்கு என் போன் அலறியது.

"மண்சரிவு அபாயம். எதையும் எடுக்காமல் உடனே கோயில் மேட்டுக்குப் போங்கள்."

நானே எழுதிய வாசகம். எழுதும்போது எவ்வளவு அழகாக இருந்தது. இப்போது அதை முழுக்கப் படித்து முடிக்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டேன், பிஸி. அம்மாவுக்குப் போட்டேன், எடுக்கவில்லை. திரும்ப அக்கா, திரும்ப பிஸி. கடையைப் பூட்டினேனா இல்லையா என்று தெரியாது. ஓடிப்போய் ஒரு ஆட்டோவில் விழுந்தேன்.

"வெயில் அடிக்குதே தம்பி" என்றார் ஆட்டோக்காரர்.

"டவுன்லதாண்ணே வெயிலு. மேல என்னா நடக்குதோ. மெஷின் பொய் சொல்லாது."

அந்த வளைவுப் பாதையில் ஒவ்வொரு முடக்கு திரும்பும்போதும், அடுத்த முடக்கில் எங்கள் லயம் இருக்குமா, வெறும் சிவப்பு மண் இருக்குமா என்றுதான் ஓடியது மனசு. அக்கா நடந்தாலே மூச்சு வாங்குகிறவள். கோயில் மேட்டுக்கு நூற்றுச் சொச்சம் படி. வயிற்றுப் பிள்ளையோடு எப்படி ஏறுவாள்? அம்மனுக்கு என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். மொட்டை, காவடி, பால்குடம் எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகு தீ மிதிப்பதாகவும் சொல்லிவிட்டேன். (இன்னும் மிதிக்கவில்லை. அம்மன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.)

கோயில் மேட்டில் மொத்த லயமும் நின்றது. 'எதையும் எடுக்காமல்' என்று நான் எழுதியதை ஒருவரும் மதித்ததாகத் தெரியவில்லை. டிவி, காஸ் சிலிண்டர், ஏழு கோழி, ஒரு தையல் மெஷின். அம்மா என்னுடைய சான்றிதழ் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். சோப்பு நுரை முழங்கைவரை காயாமல் இருந்தது.

"அக்கா எங்கம்மா?"

"அவதான் முன்னாடி வந்துட்டாளேடா. நான் பீலியில துணி அலசிக்கிட்டு இருந்தேன். சங்கு ஊதுன ஒடனே ஓடியாந்து பாத்தா காம்பராவுல ஆளக் காணோம். சரி, ஏறிட்டா போலன்னு…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் முகம் மாறிவிட்டது. அக்கா அங்கே இல்லை. யாருமே அவளைப் பார்க்கவில்லை.

நான் கீழே ஓடினேன். பின்னால் யாரோ "போகாதடா" என்று கத்தினார்கள். வாழ்க்கையில் அப்படிப் பயந்து நான் ஓடியதே இல்லை. லயத்தில் ஒரு சத்தம் கிடையாது. எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. மலை மேலே விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு (அதனால் என்ன பிரயோசனம் என்று கேட்காதீர்கள்) காம்பராவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மழைமானிக் கம்பத்திலிருந்து கொய்யா மரத்துக்கு ஒரு கயிறு. கயிற்றில் எங்கள் வீட்டு முரட்டுக் கம்பளி, ஈரத்தோடு. அதன் மூலை புனலுக்குள் விழாதபடி அக்கா ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். மறுகையில் போன்.

"என்னாடா இப்புடி ஓடியாற? ஒனக்குத்தான் போன் போட்டுக்கிட்டே இருக்கேன், பிஸி பிஸின்னு வருது. இந்தா, இதப் புடி. கை கடுக்குது. அம்மா பிழியாமயே போட்டுட்டுப் போயிருக்கு, என்னால தூக்க முடியல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"முறைப்பாடு எழுதுனேனே. நீதானே எழுதச் சொன்ன? மூடியாச்சின்னு வந்துச்சி. ஆர்வத்துக்கு நன்றின்னும் போட்டிருந்துச்சி."

போனை வாங்கிப் பார்த்தேன். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எழுதியிருக்கிறாள்: "அம்மா கம்பளி. வெயில். மணி அடிக்கப் போவுது." ஆறு சொல். என் மெஷின் எண்ணிப் பார்த்து மூடிவிட்டது. நான் அந்த ஈரக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அக்கா உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோசத்தில் பாதி, மேலே போய் என்ன சொல்வது என்ற பயத்தில் பாதி.

படியேறும்போது அடி விழும் என்றுதான் நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்று பாதிப் படியில் வந்து பிடித்தது. இனி நிஜமாகவே சங்கு ஊதினாலும் இவர்கள் வரமாட்டார்கள். அப்படி வராமல் போனால் அதற்கு நான்தான் காரணம்.

தோட்டத் தலைவர் முன்னால் வந்தார். "தம்பி, மலை எறங்குதா இல்லையா?"

"இல்லைங்க."

"பின்ன?"

"கம்பளிங்க."

விசயத்தைச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கோழிகளைப் பார்த்தார். பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்து முடிந்ததும் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குக் குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். படி வழுக்குது. மெசேஜ் எழுத்து கண்ணுக்குத் தெரியல. சங்கு கீழ் லயத்துக்குக் கேக்கல. அம்மா பைலைத் திறந்து, என் சான்றிதழ் போட்டோகாப்பி ஒன்றைத் திருப்பிக் கையில் கொடுத்தார். எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் எழுதினேன்.

கடைசியாக எங்கள் பக்கத்துக் காம்பரா அண்ணன் மெதுவாகச் சொன்னார். "எங்கப்பாவுக்குக் காது கேக்காது. போனும் இல்ல. எந்திரிச்சிப் போயிருப்பாருன்னு நெனச்சி நான் புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடியாந்துட்டேன். அவரு இன்னும் லயத்துலதான் படுத்திருக்காரு. அதையும் எழுதிக்க தம்பி."

அவர் குரலில் கோபம் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வரியை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே எழுதினேன்.

அன்று சாயங்காலமே மூடியதையெல்லாம் திறந்தேன். நேபாளத்து வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு அவருடைய பேட்சைச் சேர்த்தேன். "பரவாயில்லை. உங்கள் ஊரில் யாரைக் கேட்கப் போகிறீர்கள்?" என்று எழுதினார். லயத்தில் கூட்டம் போட்டுக் கேட்டேன். ஒருமனதாக அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். (என் பெயரை நானே சொல்லிப் பார்த்தேன். யாருக்கும் காதில் விழவில்லை.) யார் யார் கதவைத் தட்டவேண்டும், யார் யாரைத் தூக்கவேண்டும் என்றும் எழுதிவைத்தோம். நாலு நாள் கழித்து அக்காவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது.

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. ஒரு மத்தியானம் மெஷின் அம்மாவிடம் கேட்டது. அம்மா குடையோடு பின்பக்கம் போய்ப் பார்த்தார். மலையிலிருந்து வருகிற கான் வாய்க்காலில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. 'உண்மை' என்று அழுத்தினார். சங்கு ஊதியது. அப்படியும் சனம் விடவில்லை. வரிசையாக அம்மாவுக்குப் போன்: "அக்கா, துணி ஏதும் காயப்போட்டீங்களா?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே அம்மா படியேறினார். பக்கத்துக் காம்பரா அண்ணன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அரைமணி நேரத்தில் மண் வந்து எங்கள் கொய்யா மரத்தையும் குசினிச் சுவரையும் கொண்டுபோனது. மேட்டில் எண்ணிப் பார்த்தோம், ஒருவர் குறையவில்லை.

அன்றைக்கு நான் கீழ் லயத்தில் இருந்தேன். எனக்கும் எச்சரிக்கை வந்தது. நான் எழுதிய வாசகம், நான் சேர்த்த பேட்ச், நான் நட்ட மழைமானி. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஒன் மெஷின்தானேடா, என்னைய ஏன் கேக்குற?" என்றார் அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே. "காயப்போடல. ஏறு."

ஏறினேன்.