ஆட்சேபணையற்ற வயலின்

உலக அமைதிக்காக உழைக்கும் அமைப்புகள் இரண்டு. ஒன்று ஐக்கிய நாடுகள் சபை. அதைவிடச் சிறப்பாக இயங்குவது பாளையங்கோட்டை இன்பபுரி மூன்றாவது தெரு குடியிருப்போர் நலச்சங்கம். பதினோரு ஆண்டுகளாக அதன் 'ஓசைப் புகார்ப் பதிவேட்டில்' ஒரு வரிகூட ஏறியதில்லை. கோயில் கொடை விழாவின் குழாய் ஒலிபெருக்கியும், செயலாளர் ஐயம்பெருமாளின் மோட்டார் சைக்கிளும் விதிப்படி ஓசையில் சேராதவை.

அத்தெருவில் பிறந்த ரீபா, பி.எஸ்ஸி. வேதியியல், சங்கத்தின் மூன்று ஆண்டு விழாக்களில் வாசலில் சந்தனக் கிண்ணம் ஏந்தி நின்றவள். இந்த ஆண்டு மேடையேற விரும்பி, தபாலில் ஒரு வயலின் வாங்கினாள். சங்கம் கருணையோடு இசைந்தது: ஏழு நாள் சோதனை. புகார் வராவிட்டால் மேடையில் இரண்டு நிமிடம்.

தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டை நிமிர்த்தி வைத்தாள். முறுக்கும்போது அது இரண்டு முறை படுத்துக்கொண்டது. ஒரு தந்தி அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. மாற்றுத் தந்தி போட்டு, செல்பேசிச் செயலி பச்சை காட்டும்வரை ஒவ்வொன்றாய்ச் சுண்டிச் சுருதி சேர்த்தாள். பிறகு வில்லை இழுத்தாள். எறும்பு நடப்பதுபோல் ஏதோ கேட்டது. தன் கைதான் சரியில்லை என்று ஆறு நாள் விடாமல் இழுத்தாள்.

ஆறாம் நாள் ஐயம்பெருமாள் வந்தார்.

"தேவமணி சார், ஒங்க மக என்னமா வாசிக்கா. தெருவே பாராட்டுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் ரீபாவின் அப்பா.

"அதத்தான் சொல்லுதேன். பொம்பளப்பிள்ள வாசிச்சா இப்படில்லா இருக்கணும்."

ஏழாம் நாளுக்குக் காத்திராமல் ஆட்சேபணையின்மைச் சான்றிதழை அங்கேயே முத்திரையிட்டுக் கொடுத்தார்.

விழாவன்று காலை குளியலறையிலிருந்து தேவமணி கூப்பிட்டார்.

"ஏட்டி, ஒன் வயலின் பெட்டியில ஒரு சோப்பு இருந்துச்சுல்லா. ஆறு நாளாத் தேய்க்கேன், நுரையே வரல. கைதான் பிசுபிசுங்குது."

ரீபா வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி போன்ற பழுப்புக் கட்டி. நீரில் கரையவில்லை. மூன்றாண்டுப் படிப்பு முதன்முறையாகப் பயன்பட்டது: பிசின். வில் தந்தியைப் பற்றிச் சத்தம் எழுப்ப, அதில் தேய்க்க வேண்டியதை அப்பா முதுகில் தேய்த்திருக்கிறார். துடைத்து, காயவைத்து, மேலே கீறி, வில்லின் மயிரில் தேய்த்தாள்.

மாலையில் மேடையில் வில்லை இழுத்தாள். மூன்றாவது சுரம் பிசகியது. ஆனால் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. ஐயம்பெருமாள் மேடைக்கு ஓடிவந்தார்.

"நிப்பாட்டு பிள்ள. ஒரு வாரமா எவ்வளவு நல்லா வாசிச்ச. இன்னைக்கு என்னத்துக்கு சத்தம் போடுத?"

"மாமா, ஒரு வாரமா சத்தமே வரலையே."

"அதுக்குத்தான சான்றிதழ் தந்தோம்."

ரீபா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு நிமிசம் இருக்கு, மாமா" என்று பையச் சொல்லிவிட்டு, வில்லை நீளமாக இழுத்தாள்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அத்தெருவில் ஒருத்தி இருந்ததை அமைதிக் காவலர்கள் அன்றுதான் காதால் அறிந்தார்கள். உடனடியாகப் பதிவேடு திறக்கப்பட்டது. வரிசை எண் ஒன்று: ரீபா.